சஃபாரியில் ஒதுங்குவது எப்படி? முட்டி மடங்காதவர்களுக்குச் சில யோசனைகள்

கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ கிளம்புகிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, சிங்கம் கண்ணில் படுமா என்று. இரண்டாவது கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்க மாட்டார்கள். போனை வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அங்கே பாத்ரூமுக்கு என்ன பண்ணினீங்க?" என்பார்கள். உண்மையில் அதுதான் முதல் கேள்வி. சிங்கம் அதன் பாட்டுக்கு வரும், போகும். மூத்திரம் அப்படிக் காத்திருக்காது.

இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டவள், கைத்தடி இல்லாமல் மேடு பள்ளத்தில் நடக்க முடியாதவள், ப்ராஸ்டேட் தொல்லை உள்ள வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன். முதன்முறை போகிறவர்கள், முக்கியமாகக் குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர்கள், நிதானமாகப் படியுங்கள்.

1. தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். பஸ்ஸில் வெளியூர் போக வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை ஆப்பிரிக்கப் புல்வெளிக்குக் கொண்டுபோகக் கூடாது. கென்யாவின் மசாய் மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது; தான்சானியாவின் கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்போ 2,200 மீட்டரைத் தாண்டும். காற்று காய்ந்து கிடக்கும், புழுதி பறக்கும், வியர்வை வந்ததே தெரியாமல் உலர்ந்துபோகும். இந்த நிலையில் தண்ணீரையும் குறைத்தால் தலை சுற்றும், மலம் இறுகும், மூத்திரக் குழாயில் கிருமி தொற்றும். அதோடு மூத்திரம் கெட்டியாகிவிட்டால் பை எரிச்சல்பட்டு, கொஞ்சம் சேர்ந்தாலே முட்டிக்கொண்டு வரும். எதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தோமோ அதுவே இன்னும் சீக்கிரம் வந்து நிற்கும்.

ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிக்காமல், அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு குடியுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பிக் கொடுக்கிற காபியை வேண்டுமானால் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அது அங்கே அருமையாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

2. மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வது என்று கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். ஐந்தரைக்கு அந்த மாத்திரையைப் போட்டால் எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பேச்சு. அது சர்க்கரையை மூத்திரத்தில் இறக்குகிற மருந்து. அடிக்கடி போகவேண்டி வரும், அந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் பூஞ்சைத் தொற்றும் வரும். ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிற ஆண்கள் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். வண்டியிலிருந்து இறங்குமுன் சீட்டு நுனியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.

3. தனி வண்டி எடுங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஆறேழு பேர் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போகிற வண்டியில், நிறுத்தச் சொல்லவே நமக்கு வாய் வராது. சொன்னாலும் முதல் தடவை புன்னகைப்பார்கள், மூன்றாவது தடவை கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உங்கள் குடும்பம் மட்டும் போகிற வண்டி என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை வண்டியில் போடுங்கள்.

4. முதல் நாள், வண்டி கிளம்புமுன், டிரைவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

"எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், குத்துக்காலிட முடியாது, தூரம் நடக்க முடியாது." இந்த மூன்றும் போதும். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்; வருகிற பயணிகளில் பலர் நம் வயதுக்காரர்கள். சொல்லிவிட்டால் அன்றைய வழியையே அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் வெட்டவெளி, எந்த லாட்ஜில் சுத்தமான டாய்லெட் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இறங்க வேண்டும் என்பதற்கு அங்கே 'டயர் பார்க்கணும்' என்று ஜாடையாகச் சொல்வது வழக்கம். நீங்களும் அப்படியே சொல்லலாம். வழிக்கடையில் கேட்க வேண்டுமானால் சுவாஹிலியில் 'சோ இக்கோ வாப்பி?' என்றால் டாய்லெட் எங்கே என்று அர்த்தம்.

அடக்க முடியாத நிலைக்கு வந்தபிறகு சொல்லாதீர்கள். டிரைவருக்குப் பாதுகாப்பான இடம் தேடக் கால் மணி நேரமாவது வேண்டும்.

5. வரும்போது போவது வீட்டில். இங்கே இடம் இருக்கும்போது போக வேண்டும்.

ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு பிக்னிக் இடத்திலும், 'இப்போது வரவில்லையே' என்று தோன்றினாலும் இறங்கிப் போய்விட்டு வாருங்கள். தான்சானியாவில் அருஷாவிலிருந்து செரெங்கெட்டி நடுவிலுள்ள செரோனெரா வரை ஒரே நாளில் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். வழியில் கரட்டு ஊர், கோரோங்கோரோவின் லோடுவாரே கேட், பிறகு செரெங்கெட்டி நுழைவாயிலான நாபி ஹில், இவைதான் உங்கள் நிலையங்கள். லோடுவாரேக்கும் நாபி ஹில்லுக்கும் நடுவில்தான் மனம் பதறும். புழுதிச் சாலை, தூக்கித் தூக்கிப் போடும். டிரைவர்கள் அதற்கு 'ஆப்பிரிக்கன் மசாஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிறைந்த வயிற்றோடு அந்த மசாஜை வாங்கிக்கொள்ள முடியாது. நடுவில் சற்று விலகிப் போனால் ஓல்டுவாய் அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-இல் மேரி லீக்கி மனிதனின் ஆதி உறவினம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்த பள்ளத்தாக்கு. அங்கே டாய்லெட்டும் இருக்கிறது. இரண்டு காரணத்துக்காகவும் போகலாம்.

கோரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால், 260 சதுர கிலோமீட்டர் தரையில் வண்டியைவிட்டு இறங்க அனுமதி உள்ள இடங்கள் மிகச் சில. நீர்யானைக் குளத்தருகே இருக்கும் ங்கோய்டோக்டோக் பிக்னிக் இடமும் லெராய் காட்டுப் பகுதியும் முக்கியமானவை. கீழே இறங்குவதற்கு முன் விளிம்பிலேயே போய்விடுங்கள்.

மசாய் மாராவுக்கு நைரோபியிலிருந்து சாலையில் போனால் ஐந்தாறு மணி நேரம். பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்துகிற இடத்திலுள்ள பொம்மைக் கடைகளிலும், நாரோக் ஊரிலும் டாய்லெட் உண்டு. விலை கேட்டு நச்சரிப்பார்கள். ஒரு சாவிக்கொத்தாவது வாங்குங்கள், நியாயம்தானே. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் பறந்தால் முக்கால் மணி நேரத்தில் மாரா போய்விடலாம், முட்டிக்கு நல்லது. ஆனால் அந்த விமானத்துக்குள் டாய்லெட் கிடையாது, சாமானும் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில். ஒரே விமானம் வழியில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கி ஏறுவதும் உண்டு.

6. ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது வலிக்கிற கால்.

பிசியோதெரபிக்காரர்கள் படிக்கட்டுக்குச் சொல்வது சஃபாரி வண்டியான லேண்ட் க்ரூஸருக்கும் பொருந்தும். அதன் படி முட்டி உயரத்துக்கு இருக்கும். ஒரு மடக்கு ஸ்டூல் வண்டியில் இருக்கட்டும் என்று முன்பே கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது வெளியே பார்த்துக் குதிப்பதுபோல் இறங்கக் கூடாது. முகம் வண்டியைப் பார்த்திருக்கட்டும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்குங்கள். கைத்தடியின் ரப்பர் அடி, மழை பெய்த நாளில் மண்ணில் பொதபொதவென்று இறங்கிவிடும். மாராவில் பல இடம் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான். காய்ந்தால் பாளம், நனைந்தால் பசை. தடியை நம்பாமல் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதற்கு நடு வரிசையில் கதவோரத்து இடம் நல்லது. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலே இருப்பதால் அங்கே குலுக்கல் அதிகம்.

7. புதருக்குப் பின்னால் போகாதீர்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியமானது. நமக்கு 'ஒதுங்குவது' என்றாலே ஒரு மறைவு வேண்டும். கண் தானாகப் புதரைத் தேடும். அங்கே புதரில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்திலிருந்து பிரிந்த கிழட்டு எருமைக் கடா நிழலுக்காகப் படுத்திருக்கும். பெண்சிங்கம் முழங்கால் உயரப் புல்லில் படுத்தால் பத்தடி தூரத்திலும் தெரியாது. கறையான் புற்றுப் பொந்துக்குள்ளிருந்து காட்டுப்பன்றி தலைதெறிக்க ஓடிவரும். பஃப் ஆடர் என்கிற விரியன் ஆள் வந்தாலும் நகராமல் கிடக்கும். அகேசியா முள் செருப்பு அடியைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஓட முடியாத நாம் அங்கே போவானேன்?

அதோடு சட்டமும் உண்டு. தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பதுதான் விதி. தவிர்க்கவே முடியாத நேரத்தில் எங்கே, எப்படி என்பதை டிரைவர் முடிவு செய்வார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடக் கூடாது. பூங்காவை ஒட்டியுள்ள தனியார் காப்பகங்களில் இந்தக் கெடுபிடி குறைவு. மாரா நார்த், நபோய்ஷோ போன்ற இடங்களில் சாயங்காலம் இறங்கி நின்று டீ குடிக்கவே ஏற்பாடு செய்வார்கள். முட்டிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

இனி செய்முறை. டிரைவர் கட்டைப்புல் இருக்கிற சமதளமாகப் பார்த்து நிறுத்துவார். எட்டுத்திசையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆற்றங்கரை, புதர், புற்று எதுவும் பக்கத்தில் கூடாது. முதலில் அவர் மட்டும் இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி, அடியிலும் குனிந்து பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகு நீங்கள் இறங்குங்கள். வண்டியின் ஒரே பக்கத்து முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்தால், இரண்டு கதவும் இரண்டு சுவர், வண்டி மூன்றாவது சுவர். நாலாவது பக்கத்துக்கு ஒரு பழைய எட்டுமுழ வேட்டியை மகளோ மருமகளோ முதுகைத் திருப்பிக்கொண்டு பிடித்தால் அறை தயார். டிரைவர் மறுபக்கம் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், உங்களை அல்ல. ஒரே பக்கத்தில் இரண்டு கதவு இல்லாத வண்டி என்றால் பின்பக்கத்துக்குப் போங்கள். ஸ்பேர் டயரைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். தரை லேசாகச் சரிந்திருந்தால், செருப்புப் பக்கம் ஓடிவராதபடி பார்த்து உட்காருங்கள். ஒரு கை எப்போதும் வண்டியின் கைப்பிடியிலோ கதவுச் சட்டத்திலோ இருக்கட்டும். வெயிலில் கதவு இரும்பு சுடும், கைக்குட்டை போட்டுப் பிடியுங்கள். அவசரம் வேண்டாம். கூட வந்தவர்கள் 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்டால் வந்ததும் நின்றுவிடும்.

8. கமோடு ஸ்டூல் எடுத்துப் போங்கள்.

நம் வீட்டு இந்தியன் டாய்லெட் மேல் தூக்கி வைக்கிறோமே, நடுவில் ஓட்டை உள்ள அந்த ஸ்டூல்தான். மடக்குகிற மாதிரி ஸ்டீலில் கிடைக்கிறது. மருத்துவச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கேட்கலாம். வெட்டவெளியில் அப்படியே தரையில் வைத்து உட்காரலாம். பிக்னிக் இடத்தில் குழி டாய்லெட்தான் இருக்கிறது என்றால் குழிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கால்கள் சேற்றில் புதையாமலிருக்க வண்டியின் ரப்பர் மிதியடியை உருவி அடியில் போடுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு ஸ்டூலின் உயரம் முக்கியம். தாழ்ந்த இருக்கையில் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு நழுவும் அபாயம் உண்டு என்று டாக்டர்கள் எச்சரிப்பார்கள். சின்ன விமானத்தில் போகிறீர்களானால் ஸ்டூலின் எடையைச் சொல்லி முன் அனுமதி வாங்குங்கள், அல்லது முகாமில் ஒன்று வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நின்றுகொண்டே போவதற்குப் பெண்களுக்கான புனல் இருக்கிறது. ஷீவீ பிளாஸ்டிக்கில் வரும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். பீபடி அட்டையில் வரும், ஒருமுறைக்குத்தான். முட்டி மடங்காதவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் வீட்டுக் குளியலறையில் நாலைந்து முறை பழகிப் பார்க்காமல் செரெங்கெட்டியில் முதல் பரீட்சை எழுதாதீர்கள். பல வருடப் பழக்கத்தில் உடம்பு நின்றுகொண்டு போக மறுக்கும். அது பழகவே சில நாள் ஆகும்.

9. ஆண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரத்தருகே, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ப்ராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள், சொட்டி முடியும்வரை யாரும் அவசரப்படுத்தாத மறைவைக் கேட்டு வாங்குங்கள். மூடி போட்ட மூத்திரப் பாட்டில் ஒன்று காலடியில் இருக்கட்டும். 'எனக்கெல்லாம் எதற்கு' என்று சொல்கிறவருக்குத்தான் முதலில் தேவைப்படும். நான் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

10. உடை.

சுடிதாரில் நாடா வேண்டாம். அவசரத்தில் அது முடிச்சு விழும். விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதை அவிழ்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எலாஸ்டிக் பேன்ட், அதன் மேல் முழங்காலுக்குக் கீழ் வரை இறங்குகிற தொளதொள குர்தா. குர்தாவே பாதி மறைவு. சேலை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். உட்காரும்போது சேலையைவிட நல்ல மறைப்பு கிடையாதுதான், நம் பாட்டிமார் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆனால் அந்த வண்டிப் படியில் சேலையோடு ஏறுவது முட்டிக்கும் ஆகாது, முந்தானைக்கும் ஆகாது. கறுப்பும் கருநீலமும் தவிருங்கள். டாரங்கிரே, மேற்குச் செரெங்கெட்டிப் பக்கம் ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். துணி மேலேயே கடிக்கும் அந்த ஈ, துணி விலகியிருக்கும் நேரத்தில் சும்மா விடுமா? வெள்ளை புழுதியில் ஒரே நாளில் காவியாகிவிடும். மண் நிறம், இலைப் பச்சை போதும்.

11. கழுவவும் தண்ணீர், துடைக்கவும் பேப்பர்.

பேப்பர் மட்டும் நமக்குப் பத்தாது. கழுவுவதற்கென்று அரை லிட்டர் பாட்டில் ஒன்று தனியாக வையுங்கள். அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள், யாரும் எடுத்துக் குடித்துவிடாமலிருக்க. கென்யாவில் 2020 ஜூன் 5 முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அதனால் ஸ்டீலோ கெட்டிப் பாட்டிலோதான் எடுத்துப் போக வேண்டும். கேரி பேக்குகளுக்கும் தடைதான்: கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து, தான்சானியாவில் 2019 ஜூனிலிருந்து. சோப்பு சீப்பு வைக்கிற ஜிப் பையைத் தான்சானியாவில் விடுவார்கள், திரும்பும்போது அதையும் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.

துடைத்த பேப்பரையும் ஈரத் துணித்தாளையும் புல்லில் விட்டு வராதீர்கள். மண்ணில் புதைத்தாலும் ஏதாவது ஒன்று தோண்டி எடுக்கும். ஈரத் துணித்தாள் எளிதில் மட்காது. துணிப் பைக்குள் ஜிப் பை, அதற்குள் பேப்பர், ஒரு சிட்டிகை சமையல் சோடா. ராத்திரி பேப்பரை மட்டும் முகாமின் மூடிபோட்ட தொட்டியில் போட்டுவிடலாம். நாலு வண்டி நின்று போன இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பேப்பர் பறப்பதைப் பார்க்கிறபோது எனக்குக் கோபம்தான் வருகிறது.

12. பிக்னிக் இடத்து டாய்லெட்டுக்குள் சாப்பாட்டுப் பையோடு போகாதீர்கள். குரங்கும் பபூனும் வாசலிலேயே பிடுங்கும். தாழ்ப்பாள் இருக்கும் என்று நம்பாதீர்கள், வெளியே ஒருவரை நிறுத்துங்கள். சுவரில் கைப்பிடி இருக்காது, தரை ஈரமாக இருக்கும்.

13. இறங்கவே முடியாதவர்கள் வண்டிக்குள்ளேயே சமாளிக்கலாம்.

சக்கர நாற்காலிக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள் சஃபாரி நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். தனி வண்டி என்றால் கடைசி வரிசையை ஒதுக்கி, கூரைக் கம்பியில் ஒரு துணியைக் கிளிப்பு போட்டுத் தொங்கவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிவிடும் மூத்திரப் பைகள் கிடைக்கின்றன, கவிழ்ந்தாலும் சிந்தாது. பிளாஸ்டிக் தடை இருப்பதால், மருத்துவத் தேவைக்காகக் கொண்டுவருகிறேன் என்று பயண நிறுவனத்திடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆண்களுக்கு உறை மாதிரி மாட்டித் தொடையில் பை கட்டிக்கொள்ளும் முறை இருக்கிறது. பெரியவர்களுக்கான டயப்பர் பேன்ட் போட்டுக்கொள்வதில் என்ன கேவலம்? நாள் முழுக்க ஒன்றையே போட்டிருந்தால் தோல் புண்ணாகும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையும் டாய்லெட்டும்தான் கவலை என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவை யோசியுங்கள். முக்கியச் சாலைகள் தார்ச் சாலைகள். ஸ்குகூஸா, லோயர் சாபி, சதாரா போன்ற தங்கும் முகாம்களில் ஒழுங்கான டாய்லெட்டுகள், சக்கர நாற்காலி போகிற அறைகள் உண்டு. ஆனால் குறிப்பிட்ட இடங்களைத் தவிர நடுவழியில் இறங்க அங்கே அனுமதியில்லை. மிருகம் பார்க்கிற அனுபவம் மாராவுக்குக் குறைந்ததல்ல. முட்டி ரொம்ப மோசம் என்றால் என் ஓட்டு க்ரூகருக்குத்தான்.

14. ஆற்றங்கரையில் காத்திருக்கப் போகிறீர்களா? முதலில் போய்விட்டு வாருங்கள்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் கடப்பதைப் பார்க்க வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மாடு மாதிரி இருக்கும் அந்த மான்கள் கரைக்கு வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போகும். இப்படியே மூன்று மணி நேரம் போகலாம். நடுவில் இடத்தைவிட்டு நகர்ந்தால் இடம் போச்சு. கரையில் இறங்கவே முடியாது, முதலையும் நீர்யானையும் அங்கேதான். ஆகவே போகும் வழியில் ஒரு லாட்ஜில் நிறுத்தி, ஒரு டீ சொல்லி, அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு, டாய்லெட் போய்விட்டு வாருங்கள்.

15. ரெண்டுக்குப் போவது.

இதை முகாமிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். எழுப்புகிற நேரத்தை அரை மணி முன்தள்ளச் சொல்லுங்கள், வெந்நீர் கேளுங்கள், அவசரமில்லாமல் உட்காருங்கள். இரண்டு நாள் வராவிட்டால் பழமும் தண்ணீரும் கூட்டுங்கள். வயிறு போனால் அன்றைக்கு வண்டி ஏறாதீர்கள். ஓஆர்எஸ் கரைத்துக் குடித்துக்கொண்டு கூடாரத் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். பல முகாம்களில் யானை அங்கேயே வரும்.

16. ராத்திரி கூடாரத்தைவிட்டு வெளியே வராதீர்கள்.

டாய்லெட் கூடாரத்தோடு சேர்ந்ததுதானா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மலிவு முகாம்களில் பொது டாய்லெட் ஐம்பது அடி தள்ளி இருக்கும். அந்த ஐம்பது அடியில் கழுதைப்புலி உலாவும். இருட்டியபின் நடக்க வேண்டுமானால் காவலாளியைக் கூப்பிட்டு, அவர் டார்ச்சோடு வந்தபின் போக வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துக் கூடாரம் கேளுங்கள், மரமேடை மேல் உள்ளது என்றால் எத்தனை படி என்று கேளுங்கள். படுக்கையருகே மூத்திரப் பாட்டிலும் டார்ச்சும் இருக்கட்டும்.

17. கடைசியாக, அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுகிற பிள்ளைகளுக்கு.

அவர்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "எனக்கென்ன, நான் அடக்கிக்குவேன்" என்பார்கள். அடக்கிக்கொள்ள முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். நீங்களே பயண நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: வண்டி தனியாகக் கிடைக்குமா, படி எவ்வளவு உயரம், மடக்கு ஸ்டூல் இருக்கிறதா, ஒரு டாய்லெட்டுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மணி நேரம், அறைக் குளியலறையில் கைப்பிடி உண்டா. பதில் சொல்லத் தயங்குகிற, அல்லது சிரிக்கிற நிறுவனத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.